பனியைத் திருப்பிப் போட முடியாது

பத்தொன்பது நாளும் இரண்டு மணி நேரமும் அந்தப் பனியை யாரும் மிதிக்கவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி காலை ஐந்து மணிக்கு ஸ்டைன்கார் மலையில் முதல் பனி தங்கியது. அன்றே லோனி நான்கு கழிகளை நட்டுச் சிவப்புக் கயிறு கட்டினாள். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். நடுவில் அளவுக்கோடு போட்ட ஒரு கம்பு. தினமும் காலை ஏழு மணிக்குக் கயிற்றுக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் கம்பைப் படிப்பாள். எண்ணை நோட்டில் எழுதுவாள். உள்ளே ஓர் அடி கூட வைத்ததில்லை.

இன்று டிசம்பர் இருபத்தொன்பது. மணி ஏழு.

கயிற்றுக்கு உள்ளே ஒரு பாதை இருந்தது.

சுத்தமாக வெட்டப்பட்ட பாதை. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். ஒரு மூலையிலிருந்து கம்பு வரைக்கும் நேராகப் போனது. அதன் முடிவில், கையில் மண்வெட்டியோடு ஒருவன். பனிச்சறுக்க வருகிறவர்களைக் கேபிளில் மலையேற்றும் லிஃப்டின் பராமரிப்புக்காரர்கள் போடும் ஆரஞ்சு அங்கி. கண்ணிமைகளில் உறைபனி ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும், பரிசு கொடுக்கப் போகிறவனைப் போல முகம் முழுக்கச் சிரித்தான்.

லோனி யாரிடமும் கத்திப் பேசுகிறவள் இல்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள். ஆனால் அன்று கத்தினாள்.

"வெளியே வாங்க! இப்பவே! காரணம் அப்புறம்!"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. தூரத்தில் எதையோ கேட்பவனைப் போலத் தலையைச் சாய்த்தான். பிறகு மெதுவாக, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பாதை வழியே நடந்து வெளியே வந்தான்.

"வாங்களா...?" என்றான். "ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்ல நிக்கிறோம். அவ்வளவு பெரிய குத்தமா பண்ணிட்டேன்?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் இங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். கீழே மேயராக இருப்பவரும் மேலே வந்தால் 'நீ'. மலையில் ஒருவனை 'நீங்க' என்பது, பனிக்கட்டியை எடுத்து முகத்தில் எறிவதற்குச் சமம்.

லோனி எடுத்து எறிந்திருந்தாள். திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனமில்லை.

"என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதா?"

"பாதை போட்டிருக்கேன். தினமும் பார்க்கிறேன்... முழங்கால் பனியில வெளியிலேயே நின்னு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி... பாவம், கிட்ட போக முடியலையோன்னு..."

"போக முடியாம இல்ல! போகக் கூடாது!"

"ஓ..."

"யாரும் மிதிக்காத பனி. அதுதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் கயிறு."

"கயிறு... நீ தடுமாறினா பிடிச்சுக்கறதுக்குன்னு நினைச்சேன்."

லோனி குனிந்தாள். பாதையின் தரையில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

"இது என்ன?"

அவன் தயங்கினான். "உப்பு. வழுக்காம இருக்க."

"உப்பா...!"

"கம்புல ஐஸ் பிடிச்சிருந்தது. சுரண்டிட்டு... கொஞ்சம் கிரீஸும் தடவியிருக்கேன்." இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அவனுக்குத் தோன்றியது போலும். அவசரமாக, "சரி சரி, கோவிச்சுக்காதே. திருப்பிப் போட்டுடட்டுமா?" என்றான்.

"எதை?"

"பனியை."

"பனியைத் திருப்பிப் போட முடியாது!"

சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்த நீர்தான். அதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று திரும்பி நடந்தாள். பத்தொன்பது நாள்... ஒரு மண்வெட்டி, ஒரு வாளி உப்பு.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் பேர் கஸ்ஸியான்!"

அவள் கேட்கவே இல்லையே!

* * *

லிஃப்டின் நடு ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் ஊழியர்களுக்கென்று மூலையில் ஒரு நீள மேசை உண்டு. அதை ஆளுகிறவள் சென்ஸி. ஐம்பது வயது. சூப் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவாள். மலையில் நடக்கும் எதுவும் அவளைத் தாண்டிக் கீழே போகாது.

"என்ன பொண்ணே, நம்ம கஸ்ஸியானை 'வாங்க'ன்னு கூப்பிட்டியாமே! கீழ் ஸ்டேஷன் வரைக்கும் செய்தி போயிடுச்சு."

லோனி சூப்பைப் பார்த்தாள். பாலாடைக்கட்டி உருண்டை இரண்டு மிதந்துகொண்டிருந்தன. எதிரே கஸ்ஸியான். அவனுக்குப் பக்கத்தில் மலையின் பொறுப்பாளர் ஃபிடேலிஸ். எந்த லிஃப்ட் ஓடும், எந்தப் பாதை திறக்கும் என்று முடிவு சொல்கிறவர் அவர்தான்.

"அய்யா, உங்களுக்குச் சூப் வெள்ளிக் கிண்ணத்துல ஊத்தட்டுங்களா?" என்று சென்ஸி அவனிடம் குனிந்தாள்.

"தங்கம் இல்லையா?" என்றான் கஸ்ஸியான்.

"உப்பு போதுமா அய்யா? இல்ல, நீங்களே ஒரு வாளி கொண்டாந்திருக்கீங்களா?"

மேசை முழுவதும் சிரித்தது. லோனிக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"பொண்ணுங்க அதட்டினா இவன் நடுங்குறது புதுசில்ல," என்று சென்ஸி அடுத்த கதைக்குப் போனாள். "போன பிப்ரவரியில ஒருத்தி இருந்தாளே, பயந்த குருவி! இவன் மேல் லிஃப்டோட ஒன்பதாம் தூண் மேல நின்னு உருளைக்குக் கிரீஸ் போட்டுட்டிருக்கான். திடீர்னு வாக்கிடாக்கியில ஒரு குருவி... 'இறங்கி வா, இப்பவே, காரணம் அப்புறம்'னு கீச்சுக் கீச்சுன்னு. பனிச்சரிவு வருதாம்! இவன் இறங்கி, மேல் லிஃப்டை மூடி, அரை நாள் போச்சு. வந்துச்சா? ஒரு கைப்பிடிப் பனி கூட உருளல!"

லோனியின் கரண்டி கிண்ணத்திலேயே நின்றது.

அந்தக் குருவி அவள்தான்.

அப்போது இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். செயல்முறைப் பயிற்சிக்காக ஒரே ஒரு நாள் இங்கே வந்து கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் காற்றின் வேகம் ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாம் தூணுக்கு மேலே இருக்கும் மலைமுகத்தில் பனி கனத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. தோன்றியது... அவ்வளவுதான். ஃபிடேலிஸ் வெளியே போயிருந்த இரண்டு நிமிடத்தில், பயிற்சி மாணவி தொடவே கூடாத வாக்கிடாக்கியை எடுத்துவிட்டாள். தூணின் மேல் யார் நிற்கிறார்கள் என்று கூட அவளுக்குத் தெரியாது.

பனிச்சரிவு வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை.

ஃபிடேலிஸ் அவள் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னார்: "உனக்குக் கண்ணு நல்லா இருக்கு. ஆனா கையில எண் இல்லாம இனிமே வாக்கிடாக்கியைத் தொடாதே. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, என்னால உனக்காகப் பேச முடியாது." இந்த டிசம்பரில் பனியை அளக்கும் வேலையைக் கொடுத்தவரும் அவர்தான்.

இப்போது ஃபிடேலிஸ் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்ஸியான் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் குரலை நான் தேடிட்டிருக்கேன்," என்றான்.

"எதுக்கு? சண்டை போடவா?" என்றாள் சென்ஸி.

"அவ கிட்டதான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு லோனியைப் பார்த்தான். ஒரு விநாடிதான். சாம்பல் நிறக் கண்கள்... மேகம் விலகும் முன் மலை இருக்குமே, அந்த நிறம்.

லோனி பாதிச் சூப்போடு எழுந்து போய்விட்டாள். அரை நாள் லிஃப்டை நிறுத்தியவளைத் தேடுகிறான்... வேறு எதற்குத் தேடுவான்? கண்டுபிடித்தால் இந்த மேசையில் வைத்துத்தான் கேட்பான். எல்லோரும் இன்னொரு முறை சிரிப்பார்கள். அப்புறம் அவள் எழுதும் எந்த எண்ணை யார் நம்புவார்கள்?

குருவி வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

* * *

மறுநாள் காலை கயிற்றில் ஒரு பலகை தொங்கியது. பெரிய எழுத்துகள், கோணல் கையெழுத்து.

'கஸ்ஸியானுக்கு அனுமதி இல்லை.'

அதற்கு அடுத்த நாள் கீழே இன்னொரு வரி சேர்ந்தது. 'அவனுடைய மண்வெட்டிக்கும்.'

மூன்றாம் நாள், புத்தாண்டன்று, 'உப்புக்கும்.'

லோனி சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தனியாகச் சிரித்தாள். மேலே, லிஃப்ட் நாற்காலி ஒன்றில் போய்க்கொண்டிருந்த ஆரஞ்சு அங்கி கையை ஆட்டியது.

அவள் ஆட்டவில்லை. ஆனால் கை பாதி உயர்ந்திருந்தது... தொலைநோக்கியைச் சரிசெய்வது போல நடித்தாள்.

வேலைக்கான சோதனை மாதம் ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறது. வேலை நிலைக்குமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். இப்போது போய்க் கையை ஆட்டிக்கொண்டு நிற்பதா?

ஜனவரி ஐந்தாம் தேதி சாயங்காலம், லிஃப்டுகள் நின்ற பிறகு, தெர்மாமீட்டரை வைக்க மோட்டார் அறைக்குப் போனாள். கதவைத் திறந்தால் ஒரே சாம்பிராணிப் புகை.

கஸ்ஸியான் ஒரு பழைய வாணலியில் தணலை வைத்துக்கொண்டு மோட்டாரைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். தலையில் தொப்பி இல்லை. முகத்தில் அவ்வளவு பக்தி.

கிறிஸ்துமஸ் காலத்தை முடித்துவைக்கும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய மாலை, வீட்டுக்கு வீடு சாம்பிராணி காட்டுவார்கள்... சமையலறைக்கு, படுக்கையறைக்கு, மாட்டுக் கொட்டிலுக்கு. மோட்டாருக்குக் காட்டி லோனி பார்த்ததில்லை.

"மோட்டாருக்குமா?" என்றாள். அவனிடம் ஒரு வாரத்தில் அவளாகப் பேசிய முதல் சொல்.

"மாட்டுக்குக் காட்டினா அஞ்சாறு லிட்டர் பால் கூடக் கொடுக்கும். இது ஒரு மணி நேரத்துல ஆயிரத்து இருநூறு பேரைத் தூக்கிட்டுப் போய் மேல விடுது. யாருக்கு முதல்ல காட்டணும், நீயே சொல்லு."

"மாடு நன்றி சொல்லும். மோட்டார் சொல்லாது."

"நன்றியை நான்தான் சொல்றேன். அது எதுக்குச் சொல்லணும்?"

அவள் தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டினாள்.

அவன் வாணலியோடு வெளியே வந்தான். மெல்லிய பனி தூற ஆரம்பித்திருந்தது. நேராக அவளுடைய கயிற்றுக்குப் போனான். உள்ளே போகவில்லை. கயிற்றை ஒட்டி வெளியிலேயே நடந்து, நான்கு பக்கமும் புகை காட்டினான். ஒரு சுற்று... இரண்டு... மூன்று. பனித்துளிகள் தணலில் விழுந்து 'ஸ்ஸ்' என்றன. அவன் தலைமுடியில் விழுந்தவை அப்படியே இருந்தன.

லோனிக்கு நெஞ்சு என்னவோ செய்தது. என்ன என்று அளக்க அவளிடம் கருவி இல்லை.

"வீட்ல அப்பாதான் காட்டுவார்," என்றான். "இன்னிக்கும் காட்டிட்டிருப்பார். இடது கையால."

"ஏன் இடது கை?"

"அது ஒரு கதை. நன்றி சொல்ல வேண்டிய கதை. அதைக் கேக்க வேண்டிய ஆள் வாயைத் திறக்கட்டும்னு காத்துட்டிருக்கேன்."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான்தான்... ஒரே ஒரு சொல். ஆனால் சென்ஸியின் சிரிப்பு காதில் கேட்டது. பயந்த குருவி!

"நீ... உன் தொப்பியைப் போட்டுக்கோ," என்றாள் அதற்குப் பதிலாக.

அவன் நின்றான். மெதுவாகத் திரும்பினான்.

"நீயா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்ல நிக்கிறோம்," என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

* * *

அந்தத் தூறல் விடியும்வரை நிற்கவில்லை. நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் புதுப் பனி. விடிந்ததும் வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது. திருநாள், விடுமுறை, வெயில், புதுப் பனி... வருடத்திலேயே பெரிய நாள். கீழ் ஸ்டேஷனில் ஏழரைக்கே வரிசை நின்றது.

ஆறு மணிக்கு ஃபிடேலிஸ் கேட்டார்: "ஒன்பதாம் தூணுக்கு மேல எப்படி?"

லோனி தன் நோட்டைப் பார்த்தாள். வாரம் ஒரு முறை, உள்ளே கால் வைக்காமல், கயிற்றின் மூலையில் ஒரு சிறு குழி தோண்டி, பனியின் அடுக்குகளைப் பார்ப்பாள். அடுக்குகள் நன்றாகவே ஒட்டியிருந்தன. "என் குழியில பலவீனமா எதுவும் இல்ல," என்றாள். உண்மை அதுதான். மேல் லிஃப்டைத் திறக்கலாம் என்று ஃபிடேலிஸ் எழுதினார். கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதாம் தூணின் உருளைகளில் பனிக்கட்டி பிடித்திருந்தது. அதைத் தட்டி எடுத்தால்தான் கேபிள் ஓடும். கஸ்ஸியான் தனியாக மேலே போனான். பத்து மணிக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னான்.

ஒன்பது இருபதுக்கு லோனி கயிற்றருகே நின்றாள். இந்த வாரக் குழியை இன்னும் தோண்டவில்லை. எங்கே தோண்டுவது? அவன் வெட்டிய பாதை பாதி மூடிப்போய், ஒரு பள்ளமாக நடுவில் தெரிந்தது. கெட்டது கெட்டுப்போயிற்று. புதிதாக இன்னொரு இடத்தைக் கெடுப்பானேன்? பாதையையே மறுபடி வெட்டினால் போகிறது.

முதல் முறையாகக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். தனக்கே சிரிப்பாக இருந்தது. அவன் போட்ட பாதையை அவளே அள்ளிச் சுத்தம் செய்கிறாள்!

சுவர் வெளியே வந்தது. அவன் வெட்டு நேர்த்தியான வெட்டு. சாய்ந்த வெயில் சுவரின் மேல் விழுந்தது.

ஒரு கோடு தெரிந்தது.

பென்சிலால் இழுத்தது போலச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இல்லை. அங்கேதான் அவள் குழிகளெல்லாம். அதற்கப்புறம், காற்றுப் படாத நடுப்பகுதியில், கம்பு வரைக்கும் ஓடியது. லோனி பையிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து மெல்ல வருடினாள். கோட்டிலிருந்து இறகு போன்ற படிகங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

பனிப்பூ.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய தெளிந்த நாட்களில் பனியின் மேல் பூத்த பூ. பார்க்க அவ்வளவு அழகு. அதன் மேலே புதுப் பனி விழுந்து மூடிவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. மேலே இருக்கும் அத்தனை பாரமும் பூக்களின் மேல் நிற்கிறது.

அடுக்கு தாங்குமா என்று பார்க்க, ரம்பத்தால் சுவரில் ஒரு பனித்தூணை அறுத்தாள். மண்வெட்டியை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டினாள். ஒன்று... இரண்டு... மூன்று.

மேல் பாதி முழுதாக, மேசை இழுப்பறை போல, வழுக்கி அவள் மடியில் வந்து விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் தூண் தூரத்தில் தெரிந்தது. உச்சியில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. அதற்கு மேலே, காற்றே படாத அந்த வெள்ளை மலைமுகம்.

வாக்கிடாக்கி இடுப்பில் இருந்தது.

இது ஒரே ஒரு சுவர். மேலே பூ இல்லாமலும் இருக்கலாம். இன்று காலை 'பலவீனமா எதுவும் இல்ல' என்று கையெழுத்துப் போட்டவளும் அவளேதான். இன்றும் எதுவும் விழாவிட்டால்... கீழே இரண்டாயிரம் பேர். பெரிய நாள். ஃபிடேலிஸ் அவளுக்காகப் பேச மாட்டார். சென்ஸியின் மேசையில் குருவி இரண்டாம் முறை கீச்சிடும். அவன் எந்தக் குரலைத் தேடுகிறானோ அந்தக் குரலை அவளே அவன் காதில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

ஆனால் அவன் தொப்பி போட்டிருக்கிறானோ இல்லையோ...

ஏன் அது நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

"ஒன்பதாம் தூண். இறங்கி வா. இப்பவே. காரணம் அப்புறம்."

சரசரவென்று வெறும் சத்தம். ஒரு விநாடி. இரண்டு.

"வரேன்," என்றது அவன் குரல். ஏன் என்று கேட்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை. "இந்தத் தடவையும் வரேன்."

லோனி கண்களை மூடிக்கொண்டாள்.

உடனே ஃபிடேலிஸ் குறுக்கிட்டார். "யார் பேசறது?"

போன முறை இந்தக் கேள்விக்கு அவள் வாயே திறக்கவில்லை.

"லோனி. அளவிடும் இடத்திலிருந்து. மேலிருந்து அறுபத்திரண்டு சென்டிமீட்டர்ல பனிப்பூ. ஒரு சென்டிமீட்டர் தடிமன். மூணாவது தட்டுல முழுசா வழுக்கிடுச்சு. மூலையில இல்ல, நடுவுல மட்டும். காத்து படாத இடத்துலதான் இருக்கு. ஒன்பதாம் தூணுக்கு மேல காத்தே படாது. காலையில நான் சொன்னது தப்பு."

ஃபிடேலிஸ் சொன்னார்: "மேல் லிஃப்ட் இன்னிக்கு இல்ல. வெடி வெச்சு நாமே சரிவை இறக்கிடறோம்."

ஆரஞ்சுப் புள்ளி தூணிலிருந்து இறங்கியது. பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டியது. சரிவில் வளைந்து வளைந்து கீழே வந்தது. அது மரங்களுக்குள் வந்து சேரும் வரை லோனி மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

பன்னிரண்டு நாற்பதுக்கு வெடித்தார்கள். முதலில் ஒரு 'டொம்'. பிறகு மலைமுகத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிந்தது. அதற்குக் கீழே இருந்த அத்தனையும் சத்தமே இல்லாமல் நகர ஆரம்பித்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது.

தூசி அடங்கியதும் ஃபிடேலிஸ் தொலைநோக்கியில் பார்த்து எண்ணினார். ஒன்பதாம் தூணின் ஏணியில் கீழ்ப் பதினோரு படிகளைக் காணோம், பனி விழுங்கியிருந்தது. கஸ்ஸியான் தன் கருவிப் பையை மாட்டிவிட்டு வந்தது ஐந்தாவது படியில்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சென்ஸி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எதுவும் சொல்லாமல் லோனியை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கரண்டியைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"அறிக்கையில உன் பேரைப் போடறேன்," என்று ஃபிடேலிஸ் தனியே சொன்னார். "போன வருஷ விஷயத்தையும் இவங்ககிட்ட சொல்லிடட்டுமா? இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க."

"வேண்டாம்," என்றாள் லோனி. "ஒருத்தர்கிட்ட நான் முதல்ல சொல்லணும்."

* * *

அவன் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தான், தன் பலகைக்குப் பக்கத்தில். தொப்பி போட்டிருந்தான். மலை உச்சிகள் ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன.

அவள் வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரும் பாதையைப் பார்த்தார்கள்.

"நன்றி," என்றாள் லோனி.

"எதுக்கு?"

"பாதைக்கு. நீ வெட்டலேன்னா நான் நடுவுல போயிருக்கவே மாட்டேன். மூலையிலேயே தோண்டி, எல்லாம் சரின்னு எழுதியிருப்பேன்."

"உப்புக்கும் சேர்த்தா?"

"உப்புக்கு இல்ல."

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு அடங்கியது. "என் தப்புக்கு நீ நன்றி சொல்றே. நான் ஒரு தப்புக்கு நன்றி சொல்லணும்னு பதினோரு மாசமா அலையறேன். கேக்கறியா?"

அவள் தலையசைத்தாள்.

"பிப்ரவரி பதினொண்ணு. வாக்கிடாக்கியில கூப்பிட்டாங்க, இறங்கினேன். எரிச்சலோடதான் இறங்கினேன். சரிவு ஒண்ணும் விழல. லிஃப்ட் மூடிட்டதால வேலை இல்ல, வீட்டுக்குப் போன்னாங்க. மத்தியானமே போயிட்டேன். மத்த நாள்ல அஞ்சு மணி ஆகும்." நிறுத்தினான். பலகையின் ஓரத்தை விரலால் தேய்த்தான். "அப்பா விறகுக் கொட்டகையில கிடந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. வீட்ல எங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் இல்ல. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னார். நேத்து இடது கையால சாம்பிராணி காட்டினாரே... அது அந்தக் குருவி கொடுத்தது."

லோனியின் கண்கள் நிரம்பிவிட்டன. பதினோரு மாதம் வெட்கப்பட்டது. இரவெல்லாம் புரண்டு, ஏன் எடுத்தோம், ஏன் பேசினோம் என்று தன்னையே கேட்டது... ஒரு மனிதர் இடது கையால் வாணலி பிடிக்கிறார்.

"எல்லாரும் அவ தப்பு பண்ணிட்டான்னு சிரிக்கிறாங்க. எங்க வீட்ல தினமும் சாப்பாட்டு மேசையில, பேர் தெரியாத அவளுக்கு அப்பா நன்றி சொல்லிட்டுத்தான் ரொட்டியை எடுக்கிறார்." தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "அவ யாருன்னு எட்டு நாள் முந்தி எனக்குத் தெரிஞ்சுடுச்சு. ஒருத்தி என்னைப் பார்த்துக் கத்தினா... அதே குரல், 'இப்பவே, காரணம் அப்புறம்'னு அதே வரிசையில. மறைச்சு வெச்சிருக்கான்னா அவளுக்கு ஏதோ வலிக்குதுன்னு அர்த்தம். நானா கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

அவன் பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"ஆனா நன்றி மட்டும்தான் சொல்ல வந்தேன்னு சொன்னா அது பொய், லோனி. முதல் நாள் நன்றிதான். அப்புறம் நீ தொலைநோக்கிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு சிரிச்சே... அதுலேருந்து வேற. உன்னைப் பிடிச்சிருக்கு. ரொம்ப." கயிற்றைக் காட்டினான். "எட்டு நாளா இதுக்கு வெளியவே நிக்கிறேன். உள்ள வரலாமா, கூடாதான்னு நீதான் சொல்லணும். கூடாதுன்னா பலகையில இன்னொரு வரி எழுதிக்கறேன்."

லோனி பலகையைப் பார்த்தாள். 'கஸ்ஸியானுக்கு அனுமதி இல்லை.' முடிச்சை அவிழ்த்தாள். விரல்கள் குளிரில் மரத்திருந்தன, நேரம் பிடித்தது. அவன் உதவிக்குக் கை நீட்டவில்லை. காத்திருந்தான்.

பலகை கையோடு வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றொரு கையால் சிவப்புக் கயிற்றை உயர்த்திப் பிடித்தாள்.

அவன் குனிந்து உள்ளே வந்தான். பாதையின் நடுவில், அந்தச் சுவருக்குப் பக்கத்தில், இவ்வளவு கிட்டத்தில்... அவன் இமைகளில் உறைபனி எத்தனை துளி என்று எண்ணிவிடலாம். எண்ணவில்லை. முதல் முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"உங்க அப்பாகிட்ட நானே வந்து சொல்றேன்," என்றாள். "முதல்ல உன்கிட்ட."

"சொல்லு..."

மூச்சை இழுத்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

"பிப்ரவரி பதினொண்ணு, உன்னை இறங்கி வரச் சொன்னது நான்தான்."